ஸ்கேனில் ஒன்றும் இல்லை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் 'பிரேக்கு' என்று பெயர். வைத்தது அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். ஒரு நாளில் அவர் வாயிலிருந்து அதிகமாக வரும் சொல் அதுதான். "பிரேக்கு... பிரேக்கு... பிரேக்குன்னு சொல்றேன்ல!" மூன்றாவது முறை சொல்வதற்குள் அவருடைய காலே மிதித்துவிடும். பயிற்சிக் கார்களில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக்கு உண்டு. அது இல்லையென்றால் நான் என்றைக்கோ சுவரில் படமாகத் தொங்கியிருப்பேன் என்பார்.

கெட்ட மனிதர் இல்லை. கோபம் மூக்குமேல் என்பார்கள். இவருக்கு அது மூக்கையும் தாண்டி வண்டியின் முன்கண்ணாடி வரை போயிருந்தது, அவ்வளவுதான். திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் லைசென்ஸும் வாங்கினார்கள். வாங்கிய பிறகு தங்கள் தம்பி, தங்கை, மருமகள் என்று ஆளைக் கூட்டிவந்து அவரிடமே விட்டார்கள். 'நான் பட்டதை நீயும் படு' என்ற நல்லெண்ணமாகவும் இருக்கலாம்.

அவருடைய மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா" என்று கேட்பது வேலை. பொறுமையான பெண். கணவர் கத்தும்போது மழை பெய்தால் குடை விரிப்பதுபோல ஒரு முகத்தை விரித்துக்கொள்வார். மழை விட்டதும் மடக்கிவிடுவார். பல வருஷம் அப்படியே ஓடியது.

விபத்து நடந்த அன்று ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை. அறுபதைத் தாண்டியவர். சொல்வதைக் காருக்கே உத்தரவாகச் சொல்கிறவர். "திரும்பு! திரும்புன்னு சொன்னேன்!" என்று ஸ்டியரிங்கை அதட்டுவார். பிரேக்கு தலையில் அடித்துக்கொள்வார்.

"டீச்சரம்மா, அது உங்க மாணவன் இல்ல. வாயால சொன்னா கேக்காது. கையால திருப்பணும்."

"எத்தனையோ வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே திருப்பியிருக்கேன் மாஸ்டர். இது என்ன பிரமாதம்?"

கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், தூண்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின்கண்ணாடி வழியாகப் பார்க்க உடம்பை முழுசாகத் திருப்பியிருந்தார். அதனால் கால் பிரேக்கின் மேல் இல்லை. ஆசிரியை பிரேக்கு என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். தூண் நகரவில்லை. பிரேக்கு மாஸ்டரின் தலை கதவுச் சட்டத்தில் போய் மோதியது.

ரத்தம் வரவில்லை. மயக்கமும் இல்லை. கண்ணைத் திறந்து அவர் முதலில் சொன்னது, "உங்க வலது கால் எங்க இருக்குன்னு பாருங்க டீச்சரம்மா." பிறகு கதவைத் திறந்து இறங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அவசரப் பிரிவின் இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். "ரத்தக்கசிவு இல்ல. எலும்பு முறிவு இல்ல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்."

மனைவி கைகூப்பினார். மனைவியின் தம்பியும் வந்திருந்தார். வீட்டுக்கு வீடு தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர். எந்த வாக்கியத்தையும் விற்பனை வாக்கியம்போல முடிப்பார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மாமா. வேற என்ன வேணும்?"

அந்த 'ஒண்ணும் இல்ல' என்ற இரண்டு சொல்தான் அதன்பிறகு அவரைப் பாடாய்ப் படுத்தியது.

ரெஸ்ட் எடுத்து முடித்து வேலைக்குப் போனார். முதல் மாணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். வண்டி கிளம்ப வேண்டும். பிரேக்கு வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நாள் பூராவும் சொல்லித் தேய்ந்த சொல், நாக்கு நுனியில்கூட இல்லை.

"அந்த... இடது காலுக்குக் கீழ இருக்குமே. அதை மிதிங்க."

"கிளட்ச்சா மாஸ்டர்?" என்று சிரித்தார் வங்கிக்காரர், பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து.

பிரேக்கு சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் எதிரில் வந்த லாரி ஒலி எழுப்பியது. அந்த ஓசை காதில் நுழைந்து மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. வெயில் கண்ணைக் குத்தியது. வீட்டில் மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போய் நின்றார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேசுவதும் புரியவில்லை. பகலெல்லாம் தூக்கம் கண்ணைச் சொருகும், படுத்தால் வராது. பள்ளி முதலாளி அவரைக் காரிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்காரவைத்தார். அங்கே நாள் முழுக்க போன் அடித்தது. ஒரு நாள் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

குடும்ப டாக்டர் மாத்திரை கொடுத்தார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே. டென்ஷனைக் குறைங்க."

முதலாளி கேட்டார், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்களே, எப்ப வர்றீங்க?"

பக்கத்து வீட்டுக்காரர், கேட்காமலே சொன்னார், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா அப்புறம் எல்லாம் மனசுதான்."

மனைவியும் அதையே சொன்னார். அவர் சொன்னது ஆறுதலாக. "டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாருங்க. பயப்படாதீங்க." அவருக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது.

"ஒண்ணும் இல்லாமத்தான் இப்படிக் கெடக்குறேனா?"

"நான் அப்படிச் சொல்லலங்க."

"வேற எப்படிச் சொன்ன?"

மனைவி குடை முகத்தை விரித்தார். ஆனால் இந்த மழை விடவில்லை. தட்டு வைக்கும் சத்தத்துக்குக் கத்தல், கதவு சாத்தும் சத்தத்துக்குக் கத்தல். கத்தினால் அவர் தலையே வலித்தது. வலித்ததற்கும் சேர்த்துக் கத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தொலைக்காட்சியைப் போட்டார். பிரேக்கு அணைக்கச் சொன்னார். மச்சான் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, குரலையும் குறைத்துக்கொண்டு, உதவி செய்பவர்போலச் சொன்னார், "மாமா, வேலை அலுத்துப்போச்சுன்னா நேரா சொல்லிடுங்க. நம்ம வீட்டு ஆளுங்கதானே. எதுக்குச் சும்மா தலையைப் பிடிச்சுக்கிட்டு..."

கையிலிருந்த டம்ளர் பறந்தது. மச்சானை நோக்கி எறியவில்லை என்று பிரேக்கு இன்றைக்கும் சொல்வார். சுவரில் பட்டு விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு அவரே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மனைவி தண்ணீரைத் துடைத்தார். அன்றைக்கு மாலையே தன் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தலைவலி வந்தவரின் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

வாரம் தவறாமல் வந்த ஒரே ஆள் தலைமை ஆசிரியை. குற்ற உணர்ச்சி அவரைத் துரத்தியது. அவர் பிரேக்கைத் துரத்தினார். பை நிறையப் பழம், வாய் நிறையப் பேச்சு. பிள்ளைகள் வரிசையாக நிற்கும் மைதானத்தில் கடைசிப் பையனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். பிரேக்கு தலையணையை எடுத்துக் காதில் அழுத்திக்கொள்வார்.

ஒரு தடவை அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தி, பிரேக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய மனைவியிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"வயித்துவலின்னு பொய் சொல்ற பசங்க எவ்வளவோ பேரைப் பாத்திருக்கேம்மா. பொய் சொல்றவன் நம்ம முகத்தையே பாத்துக்கிட்டிருப்பான். நம்புறோமா இல்லையான்னு. இவர் யாரையும் பாக்கவே மாட்டேங்குறார்."

"பொய்னு நான் எப்ப டீச்சர் சொன்னேன்?" என்றார் மனைவி. "என்னன்னு தெரிஞ்சாத்தானே ஏதாவது பண்ண முடியும்?"

ஆசிரியைக்கு ஒரு பழைய மாணவி இருந்தார். பல்கலைக்கழக மருத்துவமனையில் மூளை ஆராய்ச்சி செய்யும் டாக்டர். தலையில் அடிபட்டு மாதங்கள் கழித்தும் தேறாதவர்களைப் படமெடுத்து ஆராய்கிறார் என்று ஆசிரியை கேள்விப்பட்டிருந்தார். "என் கிளாஸ்ல கடைசி பெஞ்ச். ஆனா நான் கூப்பிட்டா எடுப்பா" என்று அங்கேயே போனைப் போட்டார். எடுத்தார்.

ஆராய்ச்சி டாக்டர் சின்ன அறையில், சின்னக் குரலில் பேசினார். பிரேக்குக்கு அந்தக் குரலே பாதி மருந்தாக இருந்தது. மனைவி பக்கத்தில் இருக்க, அவர் எல்லாவற்றையும் கேட்டார். 'கிளட்ச்' மறந்ததைக் கேட்டபோது சிரிக்கவில்லை.

"உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம்" என்றார்.

மாதக்கணக்கில் எல்லாரும் அவரிடமிருந்து தப்பித்துப் போய்க்கொண்டிருக்க, தேடுகிறோம் என்று ஒருவர் சொன்னதும் பிரேக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார், "அப்ப அந்த முதல் ஸ்கேன் பொய்யா டாக்டர்?"

"பொய் இல்ல. அது வீட்டுல சுவர் இடிஞ்சிருக்கா, குழாய் உடைஞ்சிருக்கான்னு பாக்குற ஸ்கேன். சுவருக்குள்ள ஓடுற வயர் நைஞ்சிருந்தா அதுல தெரியாது. அதைப் பாக்க வேற மெஷின். அடிபட்ட இடத்துல அழற்சி இருக்கான்னு பாக்க இன்னொரு மெஷின்."

"அலர்ஜியா?"

"அலர்ஜி இல்ல, அழற்சி. கைல சிராய்ச்சா சுத்தி செவந்து சூடாகுதுல்ல, அது மாதிரி. மூளைக்குள்ளயும் காயத்தைச் சரிபண்ணன்னு சில செல்கள் வேலைய ஆரம்பிக்கும். சில பேருக்கு அதுங்க வேலைய முடிச்ச பிறகும் அடங்குறதில்லன்னு நினைக்கிறோம். ஆனா ஒண்ணு. இது ஆராய்ச்சி. வைத்தியம் இல்ல. படம் எடுத்தா உங்க தலைவலி போயிடாது."

"தெரிஞ்சாப் போதும்" என்றார் பிரேக்கு.

தெரிந்துகொள்வது லேசான காரியமாக இல்லை. முதலில் ரத்தப் பரிசோதனை. அழற்சியைப் படத்தில் காட்டிக்கொடுக்கும் ஊசி மருந்து அவர் உடம்பில் சரியாக ஒட்டுமா என்று பார்க்க வேண்டுமாம், சிலருக்கு ஒட்டாதாம். ஒட்டும் என்று முடிவு வரவே நாளானது. அடுத்து, பெரிய காந்த இயந்திரம். ஒலி தாங்காத மனிதரைக் கூப்பிட்டு, உலகத்திலேயே அதிகச் சத்தம் போடும் குழாய்க்குள் படுக்கச் சொன்னார்கள். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் மூடி, தலையைச் சுற்றிக் கூண்டு.

இயந்திரம் தடதடவென்று ஆரம்பித்தது. யாரோ தகரக் கூரைமேல் செங்கல் கொட்டுகிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அது நின்றதும் ஸ்கேன் எடுப்பவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"சார், ஆடாம படுங்க. படம் கலங்கிடுச்சு."

"ஆடலையே."

மறுபடி தடதட. மறுபடி குரல். "சார், வலது காலை எதுக்கு உதைக்கிறீங்க?"

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இயந்திரம் ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவர் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. கால் மிதித்தால் இடுப்பு நகரும். இடுப்பு நகர்ந்தால் தலை நகரும். கடைசியில் ஸ்கேன் எடுப்பவர் உள்ளே வந்து, இரண்டு காலையும் மெத்தைகளுக்கு நடுவே வைத்துப் பட்டையால் கட்டினார். அதற்குள் ஒதுக்கிய நேரம் முடிந்திருந்தது. இன்னொரு நாள் வரச்சொன்னார்கள்.

அந்த இன்னொரு நாளில் படம் கிடைத்தது. பிறகு ஊசி மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன். அந்த மருந்தைக் காலையில் தயாரித்து அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். பிரேக்கு வெறும் வயிற்றோடு மனைவியையும் ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருந்தார். மத்தியானம் ஆராய்ச்சி டாக்டரே வெளியே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு மருந்து சரியா வரல. தரச் சோதனையில தேறல."

"நாலு தடவை ஃபெயிலானவங்களையே நான் பாஸ் பண்ண வச்சிருக்கேன்" என்றார் பிரேக்கு. "உங்க மருந்தை என்கிட்ட அனுப்புங்க."

டாக்டர் சிரித்தார். பிரேக்கு சிரிக்கவில்லை. பசி.

அடுத்த முறை மருந்து தேறியது. கட்டிப்போட்ட காலோடு அவர் அசையாமல் கிடக்க, படம் எடுத்து முடித்தார்கள். கணக்குப்போட்டுப் பார்க்க நாளாகும் என்றார்கள். ஆனது.

படத்தைக் காட்டிய அன்றும் மனைவி உடன் இருந்தார். திரையில் சாம்பல் நிறத்தில் மூளை. அதன் நடு ஆழத்தில், ஒரு பக்கமாக, ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு திட்டு. அடுப்பில் அணையாமல் கிடக்கும் கங்குபோல இருந்தது.

"உடம்புலேர்ந்து வர்ற சேதியெல்லாம் இந்த இடத்துக்கு வந்து, எது முக்கியம், எது வேண்டாம்னு பிரிஞ்சு போகும்" என்றார் டாக்டர். "உங்களுக்கு இந்தப் பக்கம் மருந்து நிறைய ஒட்டியிருக்கு. அங்கேர்ந்து கிளம்புற நரம்பு இழையிலயும் கொஞ்சம் சேதம் தெரியுது. சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாததுக்கு இது காரணமா இருக்கலாம். 'இருக்கலாம்'னுதான் சொல்ல முடியும். அப்புறம், இந்தச் சிவப்பு நாங்க கம்ப்யூட்டர்ல போட்ட நிறம். உள்ள சிவப்பா இல்ல."

மனைவி கடைசி வாக்கியத்தைக் கேட்கவில்லை. திரைக்குக் கிட்டே போய், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"அப்ப நிஜமாவே இருந்துச்சா?"

பிரேக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வெடித்தார்.

"மாசக்கணக்கா நான் சொன்னேன். நம்பல. ஒரு கலர் படம் சொன்னா நம்புறியா? கூட வாழ்ந்த மனுஷனை விட டிவி பொட்டி பெருசாப் போச்சா?"

மனைவி முகத்தில் குடை விரியவில்லை. முதல் தடவையாக நனையத் தயாராக நின்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க? எங்க, சொல்லுங்க. என்ன சொன்னீங்க? கத்துனீங்க. டம்ளரை எறிஞ்சீங்க. கடைக்கு வர்ற குழந்தைகூட 'இந்த எழுத்து மங்கலா இருக்கு, அந்த எழுத்து ரெண்டா தெரியுது'ன்னு சொல்லுது. கிளட்ச்சுங்கிற வார்த்தை மறந்துபோச்சுன்னு அந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களே, என்கிட்ட சொன்னீங்களா? பக்கத்துல உக்காந்து அங்கதான் நானே முதல் தடவை கேக்குறேன்."

பிரேக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். "பயமா இருந்துச்சு" என்றார். "கிளட்ச் மறந்துட்டா அடுத்தது உன் பேர் மறந்துடுமோன்னு."

மனைவி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே, சத்தம் வந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டார். தலையணை அன்றைக்கே திரும்பி வந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் படம் வெளியே பரவிவிட்டது. டாக்டரிடம் கேட்டு மனைவி அதைத் தன் போனில் எடுத்திருந்தார். மச்சான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மாமாவின் காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டார். பிறகு ஊரெல்லாம் சொன்னார். அதுவும் தப்பாகச் சொன்னார். "மாமாவுக்கு மூளையில அலர்ஜி."

அலர்ஜி என்றால் கத்திரிக்காய் ஆகாது என்று ஒருவர் சொன்னார். முட்டை ஆகாது என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரர் தூசி ஆகாது என்று சொல்லி, தன் வாசலைக் கூட்டும்போதெல்லாம் இவர் வீட்டு ஜன்னலைத் தட்டிச் சாத்தச் சொன்னார். மச்சான் ஒரு தண்ணீர் இயந்திரத்தையே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அது உறுமியது.

முன்பு வேலைக்கு வா என்று நச்சரித்த முதலாளி இப்போது வாசலிலேயே தடுத்தார். "தலைக்குள்ள நெருப்பு எரியுதாமே. அணைஞ்ச பிறகு வாங்க. கார்ல ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"கொஞ்சம் தேவலைங்க. காலையில ரெண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்."

"படத்துல செவப்பா இருக்கே மாஸ்டர்."

ஒன்றும் இல்லை என்ற படத்தை வைத்து எழுப்பிவிடப் பார்த்தார்கள். ஏதோ இருக்கிறது என்ற படத்தை வைத்துப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். நடுவில் இருந்த ஆளை யாரும் கேட்கவில்லை. பிரேக்கு நேராக ஆராய்ச்சி டாக்டரிடம் போனார்.

"அந்தச் சிவப்பு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாதே. அந்த செல்கள் குப்பையை அள்ளி இடத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டும் இருக்கலாம். தேவையில்லாம அக்கம்பக்கத்தை நோண்டிக்கிட்டும் இருக்கலாம். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"இவ்வளவு பெரிய மெஷினை வச்சுக்கிட்டு இதுகூடத் தெரியாதா?"

"தெரியாது. அதனாலதான் ஆறேழு மாசம் கழிச்சு மறுபடி வரச்சொல்றோம். யாருக்கு அடங்குது, யாருக்கு அடங்கல, யார் தேறுறாங்கன்னு சேத்துப் பாத்தாத்தான் கொஞ்சமாவது புரியும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"படத்தைக் கேக்காதீங்க. உங்க உடம்பைக் கேளுங்க. எது முடியுதோ அதைக் கொஞ்சமா செய்யுங்க. தலை கனத்தா நிறுத்துங்க. மறுநாள் அதைவிடத் துளி கூட. எங்க மறுவாழ்வுப் பிரிவுல இதைச் சொல்லித் தர்றவங்க இருக்காங்க, அங்க அனுப்புறேன்."

எரிச்சலோடுதான் திரும்பினார். ஆனால் தெரியாது என்பதை இவ்வளவு தெளிவாக ஒரு டாக்டர் சொல்லி அவர் கேட்டதில்லை. மற்றவர்கள் தெரியாததை 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லிவிட்டார்கள்.

மறுவாழ்வுப் பிரிவில் சொன்னபடி செய்ய ஆரம்பித்தார். முதலில் நடை. பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் நடை. அந்தக் கண்ணாடியை மனைவி தன் கடையில் தேடி எடுத்துக்கொடுத்தார். கண்ணுக்குச் செய்வதுபோலவே மனைவி வீட்டிலும் கேட்க ஆரம்பித்தார். "மிக்ஸி ஓடுனா எப்படி இருக்கு? கதவைச் சாத்திட்டு ஓட்டுனா? இது பரவாயில்லையா, அது பரவாயில்லையா?" அவரும் கத்தாமல் பதில் சொல்லப் பழகினார். ஆரம்பத்தில் அது அவருக்கு இடது கையால் எழுதுவதுபோல இருந்தது.

டாக்டர் கார் ஓட்டச் சம்மதம் கொடுத்ததும் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார். "முதலாளி விடமாட்டார்னா போகட்டும். என் அண்ணன் கார் இருக்கு. ஊருக்கு வெளியே காலி மைதானம் இருக்கு. என் பாடம் பாதியில நிக்குது மாஸ்டர்."

"உங்களாலதான் டீச்சரம்மா நான் இப்படி ஆனேன்."

"அதனாலதான் சொல்றேன். வேற யார்கிட்ட போவேன்? அவங்களுக்கும் தலைன்னு ஒண்ணு இருக்கும்ல."

அந்தக் காரில் இரண்டாவது பிரேக்கு கிடையாது. கத்தினால் தலை தெறிக்கும். எனவே அவர் முன்கூட்டியே, மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது. "இப்ப காலை எடுங்க. எந்தக் காலுன்னு எனக்குச் சொல்லிட்டு எடுங்க." ஆசிரியையும் அவருக்காகக் குரலைக் குறைத்தார். இரண்டு பேரும் மைதானத்தில் ரகசியம் பேசுகிறவர்கள்போல வண்டி ஓட்டினார்கள். தலை கனத்த அன்று வண்டியை நிறுத்திவிட்டு மர நிழலில் உட்கார்ந்தார்கள். சில வாரம் மூன்று நாள் போனார்கள். சில வாரம் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கும். சறுக்கிய நாளெல்லாம் பழைய கோபம் வந்தது. மனைவியிடம் வசமாக வாங்கியும் கட்டிக்கொண்டார்.

ஆசிரியை லைசென்ஸ் தேர்வில் தோற்றார். சோதனை அதிகாரியிடம், "கேள்வியே தப்பு" என்று வாதாடி மறுபடியும் தோற்றார். அதற்கடுத்து எப்படியோ தேறினார். அந்த அதிகாரி விஷயத்தைப் பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்: "அந்த அம்மாவையே ஒருத்தர் தேத்தி அனுப்பிட்டார், கையெடுத்துக் கும்பிடலாம்." மறுநாள் முதலாளி வேலைக்குக் கூப்பிட்டுப் போன் செய்தார். படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஆராய்ச்சிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, தலையில் அடிபடாத ஆட்களும் தேவைப்பட்டார்கள். மச்சான் பிராயச்சித்தமாகத் தானே போனார். "சும்மா படுத்துக் கிடக்கணும், அவ்வளவுதானே மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவர், குழாய்க்குள் தலை நுழைந்ததுமே கையில் கொடுத்திருந்த அபாய மணியை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "மாமா இதுக்குள்ள எப்படிக் கெடந்தார்?" என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டாராம். அதன்பிறகு அவர் அக்கா வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிப் பக்கம் போவதில்லை.

இரண்டாவது சுற்றுப் படத்தில் நடுவிலிருந்த திட்டு மங்கியிருந்தது. ஆனால் போகவில்லை. அதோடு வேறொரு இடத்தில் புதிதாகக் கொஞ்சம் நிறம் தெரிந்தது. ஆராய்ச்சி டாக்டருக்கு ஒரே உற்சாகம். "ரொம்ப சுவாரசியமா இருக்கு!" என்றார்.

"யாருக்கு?" என்றார் பிரேக்கு.

டாக்டர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். புது நிறம் என்ன என்று தெரியவில்லை, அளவில் ஏற்படும் பிசகாகவும் இருக்கலாம் என்றார். அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். காலையில் நன்றாக இருக்கிறது, மத்தியானம் படுக்க வேண்டியிருக்கிறது, கூட்டமான மண்டபத்தில் நிற்க முடிவதில்லை, சொற்கள் பெரும்பாலும் வருகின்றன என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இதுதான் எனக்குப் படத்தைவிட முக்கியம்" என்றார். நான் சொன்னதுதானே என்பதுபோல மனைவி பிரேக்கை முழங்கையால் இடித்தார்.

இப்போதும் அவர் காலையில் மட்டும்தான் வண்டியில் ஏறுகிறார். முழுசாகத் தேறிவிட்டீர்களா என்று கேட்பவர்கள்மேல் இன்றைக்கும் எரிச்சல் வரும். இல்லை என்றால் இரக்கப்படுகிறார்கள், ஆமாம் என்றால் மத்தியானமும் வரச்சொல்கிறார்கள் என்பார்.

போன வாரம் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து போன் வந்தது. ஆராய்ச்சியை நீட்டித்திருக்கிறார்களாம், இன்னொரு முறை வர முடியுமா என்று கேட்டார்கள். மறுபடி அந்தக் குழாயா, மறுபடி காலைக் கட்டுவதா, அந்த மருந்து அன்றைக்காவது தேறுமா என்று அவர் நெடுநேரம் பொரிந்து தள்ளினார். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வரமாட்டேன்னு சொல்றதுக்கு எதுக்குங்க இவ்வளவு நீளம்?" என்றார்.

"வரமாட்டேன்னு யார் சொன்னா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, போனில் கேட்டார், "காலையிலதானே? மத்தியானம்னா என்னால ஆகாது."